இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய்

பாம்பனில் நான் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து அறையில் ஐஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவர் தனியாக இருந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு தழும்பு. சட்டைப்பையில் எப்போதும் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி. ஆறு மாதமாக எங்களுக்குள் ஒரு தலையசைப்போடு சரி.

நேர்முகத் தேர்வுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் டீ குடித்துவிட்டு வந்தால், என் அறைப் பூட்டு திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். சான்றிதழ்கள் அத்தனையும் உள்ளே. சாவியைப் போட்டுத் திருகு திருகென்று திருகினேன். சத்தம் கேட்டு மெக்கானிக் வெளியே வந்தார்.

"ஏலே, விடு. சாவி ஒடிஞ்சிரும். இதுக்குள்ள என்னத்த ஊத்துன?"

"தேங்கா எண்ணெய்ண்ணே."

"பூட்டுக்குத் தலை சீவிவிடப் பாத்தியாக்கும்! உப்புக்காத்துல அது பிசினாப் பிடிச்சிரும். மிஷின் எண்ணெதான் விடணும்."

இரண்டு சொட்டு விட்டு, சாவியை மெல்ல ஆட்டி ஆட்டித் திறந்துவிட்டார். பிறகு அவராகவே சொன்னார்:

"தொண்டியில எங்க வீட்டுப் பூட்டுக்கும் ஞாயித்துக்கிழமை தவறாமப் போய் விட்டுட்டு வாரேன்."

"அங்கன யாருண்ணே இருக்கா?"

"யாருமில்ல. கோவிச்சுக்கிட்டுப் போன எம் பொஞ்சாதி, அவ சாவியக் கையோட கொண்டு போயிட்டா. என்னைக்காவது வந்து போட்டான்னா, திறக்கணும்ல."

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வேலையும் கிடைத்தது. இப்போது இருப்பது கடலே இல்லாத ஊர். இங்கே பூட்டு அவ்வளவாகத் துருப்பிடிப்பதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அறைப் பூட்டுக்கு இரண்டு சொட்டு விடுகிறேன். அந்த இன்னொரு சாவி வந்ததா என்று கேட்க, அவருடைய போன் நம்பரைக்கூட நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.