இல்லாத தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர்

நான் வேலை பார்ப்பது ஆரணியில் ஒரு பட்டுக்கடையில். உள்ளே வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்குங்க?" என்பதுதான். விலை, கலர் எல்லாம் அப்புறம். கல்யாணப் பெண்ணுக்கு என்றால் ஒரு அலமாரி, மாமியாருக்கு என்றால் வேறு அலமாரி. மாமியாருக்கு என்று சொன்ன மறுகணம் என் கை தானாகவே அரக்கு, பழுப்பு பக்கம் போய்விடும். அந்த மாமியாருக்குக் கிளிப்பச்சை பிடிக்குமோ என்னவோ, நான் கேட்பதில்லை.

அதனால்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் கடைக்காரர், "கேமிங் பீசியா? யாருக்குங்க மேடம்?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன பதில் சொன்னால் எந்த அலமாரி திறக்கும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் என்றால் கணக்கு எழுதுகிற மெஷின் ஒன்றை எடுத்து வைத்து, கூடவே ரோஸ் கலர் மவுஸும் கொடுப்பார். இது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை அதைவிட அற்பமானது. முப்பதை நெருங்கும் கல்யாணமாகாத பெண், கடை யூனிபார்ம் புடவையோடு நின்றுகொண்டு, நான்தான் கேம் ஆடப்போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"தம்பிக்கு" என்றேன்.

எனக்குத் தம்பி கிடையாது. நானும் அக்காவும்தான். இரண்டாவதும் பெண் என்று நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்துவிட்ட சொந்தக்காரர்கள் உண்டு. இன்னொன்று பெற்றுக்கொள், பையனாக இருக்கும் என்று அப்பா வீட்டார் அம்மாவை விடாமல் நச்சரித்திருக்கிறார்கள். வாழ்க்கையில் எதற்கும் எதிர்த்துப் பேசாத அம்மா அந்த ஒன்றில் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே நின்றாள். அதற்காக இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், "ஒரு பையன் இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார்கள். அம்மா இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இதையெல்லாம் பக்கத்து இலையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

இத்தனைக்கும் வீட்டில் நான் பொய் சொல்லவில்லை. அம்மா தறியில் இருந்தபோது கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று சொன்னேன்.

"இன்னாத்துக்குடி?"

"கேம் ஆடறதுக்கும்மா."

"சத்தம் வருமா?"

"காதுல மாட்டிக்குவேன்."

"அப்பன்னா வாங்கிக்கோ. இத்தினி வருஷமா சம்பாதிக்கற, உனக்குன்னு இன்னா வாங்கிகின?" என்று சொல்லிவிட்டு அடுத்த இழையைப் போட்டாள். அவ்வளவுதான். அம்மாவிடம் ஒரு நிமிஷத்தில் சொல்ல முடிந்ததை ஒரு கடைக்காரரிடம் சொல்ல எனக்குத் துப்பில்லை.

பல மாதமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தேன். குறைந்த பட்ஜெட்டில் எல்லாம் நன்றாகக் கிடைக்காது. எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ப்ராசசர் சுமாரானது போதும். படத்தைத் திரையில் கொண்டுவருவது கிராபிக்ஸ் கார்டு, ஆகவே பணம் அதில் போக வேண்டும். ராம் இப்போதைக்கு ஒன்று, பிற்பாடு இன்னொன்று செருகிக்கொள்ள மதர்போர்டில் இடம் இருந்தால் சரி. கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது போனால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

கடைக்காரர் நல்ல மனுஷர். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மட்டமான பவர் சப்ளையை எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்றேன்.

"ஏன் மேடம்?"

"தம்பி வேணாம்னான்."

"வெவரமானவருதான். கேபினெட்டு லைட்டு எரியறதா பாக்கலாமா? பசங்களுக்கு லைட்டு புடிக்கும்."

"அவனுக்குப் புடிக்காதுங்க. அந்தக் காசை கார்டுல போடச் சொன்னான்."

"கரெக்டா சொல்லிக்கிறாரு. இன்னா கேம் ஆடுவாரு?"

"லாரி ஓட்டறது."

அவர் சிரித்துவிட்டார். "லாரிக்கு எதுக்கு மேடம் இவ்ளோ பெரிய கார்டு?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கோ ஒரு குளிர்தேசத்து நெடுஞ்சாலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு, வைப்பர் ஆட ஆட மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும் அந்த விளையாட்டில் எனக்கு அப்படி ஒரு ஆசை. பின்னால் வருகிறவனின் விளக்கு ஈர ரோட்டிலும் பக்கக் கண்ணாடியிலும் தெரிய வேண்டும். "அவன் மழையில ஓட்டுவான்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே முகம் எரிந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து முறை போயிருப்பேன். போகப் போகத் தம்பி பெரிய ஆளாகிக்கொண்டே வந்தான். சென்னையில் வேலை பார்த்தான். கூச்ச சுபாவம், அதனால் போனில் பேசமாட்டான். செகண்ட் ஹாண்ட் கார்டு ஒன்று மலிவாக வந்தபோது, முன்பு எதற்கு ஓடியது என்று தெரியாமல் வாங்கக்கூடாது என்று சொல்லியனுப்பினான். நான் உருப்படியாக ஒன்று சொன்னால் பேர் அவனுக்குப் போனது. இல்லாத ஒரு பையன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைக்குக்கூட நான்தான் காரணம் என்பதால் யாரிடமும் சண்டை போடவும் வழியில்லை.

மெஷின் தயார் என்று போன் வந்த அன்று அமாவாசை. அமாவாசைக்கு யாரும் தறியில் இறங்கமாட்டார்கள் என்பதால் அம்மாவுக்கு வேலையில்லை. நானும் வரேன் என்று கிளம்பினாள்.

"வெயில்ல நீ எதுக்கும்மா?"

"ஊட்டுக்குப் புதுசா ஒரு பொருள் வருது. வந்தா இன்னா?" நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். டிக்கெட் எடுத்ததும் சொல்லலாம், அடுத்த ஸ்டாப்பிங் வந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மளமளவென்று உள்ளே போய் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அம்மாவை வெளியிலேயே நிற்கவைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"உக்காருங்கம்மா. உங்க பையனைத்தான் பாக்கவே முடியல. ரொம்ப தெளிவு. இத்தினி வருஷமா கடை வெச்சிகினு இருக்கேன், ஒவ்வொரு பார்ட்டையும் இப்படி பாத்துப் பாத்து சொன்னவங்க கம்மிம்மா. நல்லா வளத்துக்கிறீங்க."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. மேசையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று சொல்வார்களே, அந்த நிலைமை. அம்மா ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டால் நல்லது என்றும் இருந்தது, கொடுத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள் பிறகு. "சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஒண்ணு வேணும்னா முழுசா தெரிஞ்சிக்காம உடமாட்டான்."

கடைக்காரர் காபி வரவழைத்தார். அம்மா மறுக்காமல் குடித்தாள். அவர் தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். நான் பில்லை வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று தெரியாமல் அவரிடம் இரண்டு தடவை நன்றி சொன்னேன்.

பெட்டிகளோடு பஸ்ஸில் ஏற முடியாது என்று ஆட்டோ பிடித்தோம். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் கேபினெட் பெட்டி. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதாவது தொலைக்கலாம்.

"அம்மா, சும்மா வாயில வந்துடுச்சும்மா."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டி சாயாமல் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு இன்னா வயசுன்னு சொல்லி வெச்ச?"

"வயசெல்லாம் சொல்லலம்மா."

"அந்த ஆளு நாளைக்கு எங்கியாவது பாத்து கேட்டா நானும் ஒண்ணையே சொல்லணும் இல்ல? அதுக்குக் கேட்டேன்."

நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஏதோ உளறினேன். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"உங்கப்பா ஊட்டுல கேட்டாங்க, என் அண்ணன் தம்பிங்க கேட்டாங்க, தெருவே கேட்டுது. எல்லாருக்கும் பையன் இல்ல, வேணாம், எனக்கு ரெண்டு பொண்ணுதான்னு வாயத் தொறந்து சொல்லிகினுதான் இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "இன்னிக்குத்தாண்டி ஆமான்னு சொன்னேன்."