அக்கா விற்க மறுத்த வண்டி

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இறந்தது சிறுநீரக நோயால். "அந்த வண்டிதான் அவளை அலைய வைத்துக் கொன்றுவிட்டது" என்று துக்க வீட்டிலேயே உங்களில் சிலர் பேசினீர்கள். அது பொய். அக்காவை வாழ வைத்ததே அந்த வண்டிதான். அதைச் சொல்லவே தம்பியாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணனூர் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சுமை தூக்கினார். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து அக்காவின் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அம்மா இடுப்பில் தூக்கிப் பள்ளிக்குக் கொண்டுபோவார். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகு அக்கா தவழ்ந்தே போனார். பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்தார். "பாவம்" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவர்களோடு பேச மாட்டார்.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் பில் போடும் வேலை கிடைத்தது. கம்பெனி பேருந்தின் படியில் அவரால் ஏற முடியாது. அதற்காகவே பின்னால் இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்கினார்.

ஒரு மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறி, வண்டி நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. சில மாதம் கழித்து முன்பக்க ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் அவை. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் ஒரு ரப்பர் சீல் தடுத்து நிற்கும். ஆவடியில் ஒரு மெக்கானிக் சீலை மாற்றினார். மறுபடி ஒழுகியது. திரும்பவும் மாற்றினார். ஒருநாள் எண்ணெய் பிரேக்கில் இறங்கிவிட, பூந்தமல்லி சாலையில் வண்டி நிற்காமல் முன்னால் போன ஷேர் ஆட்டோவில் மோதி, அக்காவின் கை முறிந்தது.

பார்க்க வந்த தாய்மாமா நலம் விசாரிக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"கால் சொரணை இல்லாத பொண்ணுக்கு வண்டி இன்னாத்துக்கு? வித்துட்டு ஊட்ல குந்து."

கட்டுப் போட்ட கையோடு அக்கா நிமிர்ந்தார். "சீல் போனா மாத்திக்கலாம் மாமா. என்னிய ஊட்ல குந்த வெச்சிட்டீங்கன்னா, அத யாரு வந்து மாத்துவாங்க?"

மாமா காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கட்டுப் பிரித்த மறுநாளே, வண்டியைக் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி, அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆவடி மெக்கானிக்கிடம் நானும் உடன் போனேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "யக்கா, இது நார்மல் வண்டி கெடியாது. எக்ஸ்ட்ரா வீல் போட்டா சீல் நிக்காது."

"எக்ஸ்ட்ரா வீலு பின்னாலதான கீது? முன்னால ஏன் ஒழுவுது? சீல மாத்திகினே கீறியே, அது ஏன் கிழியுதுன்னு பாத்தியா? என் கண்ணு முன்னாலயே கயட்டு."

அவர் கழற்றித் துடைத்து வைத்த குழாயின் மேல் அக்கா மெதுவாக நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது.

"தொட்டுப் பாரு."

மெக்கானிக் தொட்டார். குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆமாக்கா. துரு புள்ளி புள்ளியா அரிச்சிக்கீது. இதான் சீல அறுக்குது. பைப்பயே மாத்திடலாம். நான் பாத்திருக்கணும்."

புதுக் குழாய்கள், புது சீல்கள், புது எண்ணெய் போட்டார். எண்ணெய் ஊறிய பிரேக் பேடுகளைத் தூக்கி எறிந்தார். அதன் பிறகு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அக்கா திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

பிற்பாடு மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தது அதே வண்டிதான். "கெட்டியா புட்ச்சிக்கோ மாமா" என்பார் அக்கா. மாமாவும் பிடித்துக்கொள்வார்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கிய பிறகும், உடம்பு இடம் கொடுத்த நாளெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிப் போனார். திரும்பும்போது மட்டும் நான் ஓட்டினேன். அதைக்கூட எனக்குச் செய்த சலுகை போலத்தான் வைத்துக்கொண்டார். கடைசி வாரம் எழ முடியவில்லை. அம்மாவின் மடியில் தலை வைத்தபடி, ஒரு காலை நேரத்தில் அடங்கிவிட்டார்.

அக்காவைக் கவனித்த செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்கு மாறி மாறி வந்து உடனிருந்த கிடங்குத் தோழர்களுக்கும், தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்காவைப் பார்த்துத் தாங்களும் வண்டி வாங்கிய பெண்கள், ஆவடியிலிருந்தும் திருமுல்லைவாயலிலிருந்தும் பக்கச் சக்கர ஸ்கூட்டர்களில் இறுதி ஊர்வலத்துக்கு வந்திருந்தார்கள். "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது" என்று ஒரு பெரியவர் குறுக்கே நின்றார்.

முன்னால் இருந்த பெண் எஞ்சினை அணைக்கவில்லை. "எங்க அக்காவ உட்டுட்டு நாங்க பாதியில திரும்ப மாட்டோம். வழிய உடு நைனா" என்றார்.

அப்பா அந்தப் பெரியவரின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். அந்த வண்டிகள் முன்னால் போயின. அக்காவைச் சுமந்து நாங்கள் பின்னால் போனோம். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.