உள்ளங்கால் கட்டம்

ஹடப்சரில் நாங்கள் இருந்த குடியிருப்பில் ஞாயிறு சாயங்காலம், எண்களைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் கட்டம் அடிக்கும் தம்போலா விளையாட்டு நடக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். கட்டடத்தில் பாதி வீடுகளில் சர்க்கரை நோய் இருந்தது. கீழ்த்தளத்தில் குடியிருந்த, ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மராத்திக்கார அம்மா, தம்போலாச் சீட்டில் எண்களுக்குப் பதிலாக நல்ல பழக்கங்களை எழுதிவிட்டார். சர்க்கரை போடாத டீ, சாப்பிட்ட பின் நடை, சீக்கிரமே ராத்திரிச் சாப்பாடு. டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். அந்த வாரம் அதைச் செய்தவர்கள் கட்டத்தை அடிக்கலாம். ஆனால் வேறு வீட்டுக்காரர் ஒருவர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

என் கணவர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாத்திரையைக்கூட நான் கையில் வைத்தால்தான் போடுவார். ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் தோற்கப் பிடிக்காது. எதிர் வீட்டுத் தமிழர் ஒருவர் அடுத்தடுத்து ஜெயித்தார் என்ற ஆத்திரத்தில்தான் டீயில் சர்க்கரையையே விட்டார்.

அன்றைக்கு அவர் சீட்டில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. நர்ஸம்மா துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தார்: "உள்ளங்காலைப் பார்த்தீர்களா?"

"பாத்தாச்சு!" என்று கையைத் தூக்கினார் இவர்.

எதிர் வீட்டுக்காரர் சிரித்தார். "சாட்சி வேணுமே சார். இங்கயே கழட்டிக் காட்டிடுங்க, முடிஞ்சுது."

எல்லோரும் கை தட்டினார்கள். இவர் மட்டும் அசையவில்லை. நல்ல வெயில் காலம். மற்றவர்கள் எல்லாம் ரப்பர் செருப்பில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் ஷூவும் சாக்ஸும் போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்குள்ளேயும் சில நாட்களாக சாக்ஸோடுதான் இருந்தார். கேட்டதற்குத் தரை சில்லென்று இருக்கிறது என்றிருந்தார்.

"காட்டுங்களேன், என்ன இப்போ," என்றேன்.

"வெளையாடக் கூப்பிட்டு மானத்த வாங்கறீங்களா?" சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். நர்ஸம்மா டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "வஹினி, வாங்க," என்றார். அண்ணி என்று பொருள். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

நாங்கள் போனபோது குளியலறை உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம்.

"ஏனுங்க, கதவத் தொறங்க."

"ஒண்ணுமில்ல. நீ போ."

தட்டினேன். தண்ணீர் நின்றது, தாழ் திறக்கவில்லை. அம்மா கதவருகே போய் இந்தியில் மெதுவாகச் சொன்னார். "நான் திட்ட வரல. ஒரே ஒரு தடவ பாக்கறேன். பாத்துட்டு நீங்க சொல்றதக் கேக்கறேன்."

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஒரு காலில் சாக்ஸ் இல்லை. இன்னொரு சாக்ஸ் சுண்டுவிரல் பக்கம் ஒட்டிப் போயிருந்தது. அம்மா வெந்நீரால் நனைத்து நனைத்து அதை எடுத்தார். வாடை முதலில் வந்தது. அடியில் கருத்த ஓரத்தோடு ஒரு புண். வேலையிடத்தில் ஷூவுக்குள் விழுந்த இரும்புத் துணுக்கு ஒன்று குத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"வலிக்கவே இல்லீங்க," என்றார் இவர், சின்னப்பிள்ளை மாதிரி.

"அதுதான் பயம். சர்க்கரை நோய்ல கால் மரத்துப் போயிடும்," என்றார் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கண்ணனுக்கும் இப்படி ஒரு புண்ணுதான். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனான். முழங்காலுக்குக் கீழ இல்லாமத் திரும்பி வந்தான்."

நான் கீழே ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆட்டோவில் நடுவில் அவர், இரண்டு பக்கமும் நாங்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் இறங்க மாட்டேன் என்று முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் விடுவித்தேன். எலும்புவரை போயிருக்கிறதா என்று திறந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். எதுவரை எடுப்பீர்கள் என்று நர்ஸம்மா கேட்டார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வராந்தா பெஞ்சில் அவர் அண்ணனின் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு அசையும் போதெல்லாம் எழுந்து நின்றேன்.

சுண்டுவிரல் மட்டும் போயிற்று. இன்னும் சில நாள் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவர் போர்வைக்கு அடியில் காலை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இருக்குங்க," என்றேன். அழுதுவிட்டார்.

இப்போது தினமும் சாயங்காலம் ஸ்டூலில் காலை நீட்டி வைப்பார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கிரிக்கெட் பேசுவார். நான் விரல் இடுக்குகளை விரித்து, குதிகால்வரை தடவிப் பார்ப்பேன். நான் ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்புவதில்லை.