கறுப்புத் திரையில் ஓர் அணில்

எனக்குக் கோபம் வந்தால், காரணம் யோசிப்பதற்குள் வார்த்தை வந்துவிடும். கல்யாணமான இரண்டாம் வாரமே எங்கள் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த அணில் விஷயத்தில் நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று இன்றைக்கும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பார். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகு மட்டும் என் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டதாம்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். அவர் பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி நெய்துகொண்டிருந்தார். அவருக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் நூல், கொடுக்கிற முதலாளியின் கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதில் புடவை டிசைன் போடுகிற வேலை எனக்கு. டிசைன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய புடவையை மேஜைமேல் விரித்து, அதிலிருக்கும் மயிலைக் கட்டம் கட்டமாகத் திரையில் ஏற்ற வேண்டும். அதன் கொண்டையில் ஒரு கட்டம்கூட என் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது.

திரை வெள்ளை வெளேரென்று இருக்கும். மத்தியானம் ஆவதற்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். செவிலிமேட்டிலிருந்து பழுது பார்க்க வந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். "இவ்ளோதானாக்கா?" என்று மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினார். திரை முழுக்கக் கறுப்பாகி, எழுத்தெல்லாம் வெள்ளையானது. மறுபடி அமுக்கினால் பழையபடி வெள்ளைத் திரை. அட, கண்ணுக்கு அப்படி ஒரு சுகம்!

சுகத்தோடு கூத்தும் வந்தது. சில பெட்டிகள் திறந்தால் கறுப்பின்மேல் கறுப்பு எழுத்து. சேமிக்கட்டுமா என்று கேட்கிறதா, அழிக்கட்டுமா என்று கேட்கிறதா, சாமிக்குத்தான் வெளிச்சம். இடது பக்கம் 'சரி' இருக்கும் என்ற நம்பிக்கையில் அமுக்குவேன். ஒருமுறை அரைநாள் போட்ட மயில் போயே போய்விட்டது. சின்னச் சின்னப் படங்களைச் சுற்றி மட்டும் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி வெள்ளைச் சதுரம் நிற்கும். அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. தலைவலி இல்லை, அது போதும்.

முதலாளி ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டரு செத்துப்போச்சா?"

"இல்ல முதலாளி, கண்ணு வலிக்குதுன்னு கலரு மாத்திக்கினேன்."

"முகூர்த்தப் பொடவ பொறக்குற எடத்துல கறுப்பா? கறுப்பு நூலையே நான் கடைக்குள்ள உடமாட்டேன். மாத்து, மாத்து!"

மாற்றினேன். அவர் படியிறங்கியதும் திருப்பி மாற்றினேன். அன்றிலிருந்து தெருவில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே என் மூன்று விரலும் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். அவர் மேலே வரும்போது திரை பால்போல இருக்கும், நானும் பரம சாதுவாக மயில் போட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தத் திருட்டுக் கறுப்பில்தான் அந்த அணிலை வரைந்தேன். வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கிற அணில். முதுகுக் கோடு மூன்றையும் காலியாக விட்டு, கண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். பழைய புடவை எதிலிருந்தும் எடுக்காதது, முழுக்க முழுக்க என்னுடையது. முதலாளியிடம் காட்டியபோது, "கல்யாணப் பொண்ணு ஒடம்புல அணில் ஓடணுமா?" என்று சிரித்தார். நான் விடவில்லை. கடைசியில், "ஒன் வூட்டுக்காரு தறியில ஒரு மொழம் போட்டுக் காட்டு. நல்லா வந்துச்சுன்னா இனிமே சொந்தமாவே போடு. இல்லன்னா வாயத் தொறக்காம மயிலப் போடணும், சரியா?" என்றார். அந்த ஒரு முழம்தான் என் தலையெழுத்து என்று எனக்குத் தோன்றியது. ராத்திரியெல்லாம் அணில்தான் ஓடியது.

திரையில் போட்ட டிசைன் தறிக்குப் போக வேண்டுமானால், அதைப் பார்த்து அட்டையில் துளை போட வேண்டும். கிராஃப் தாளில் கறுப்பாக இருக்கும் கட்டத்துக்கெல்லாம் ஒரு துளை. துளை விழுந்த இடத்து இழை தறியில் மேலே எழும்பும், ஜரிகை அதற்கு அடியில் ஓடும். வெள்ளைக் கட்டத்துக்குத் துளை கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுகிற சட்டம் இது. அட்டை போடும் அண்ணன் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அன்றைக்குப் பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்திருந்தது. "திரையப் பாத்தே போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அவர் கையை உதறிக்கொண்டு நின்றார். "இன்னாம்மா, ஒரு அணிலுக்கு இத்தினி ஓட்டையா? கை உட்டுப்போச்சு."

"வேல செய்ய வலிக்குதுன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்ணா" என்றேன். முதல் திட்டு அவருக்கு.

அட்டைகளைக் கோத்துத் தறியில் ஏற்றினோம். வீட்டுக்காரர் மிதித்தார். தறிக்கு மேலே அட்டை மாட்டியிருந்த பெட்டி முனகியது. "இன்னாம்மா டிசைனு இது? ஆன மேல ஏறி மெதிக்கிற மாதிரி இருக்குது."

"ஒங்களுக்கு மயிலு போட்டாதான் காலு ஓடும்" என்றேன். இரண்டாம் திட்டு.

அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் நின்றது. "இங்க வா, ஒன் அணிலு மேல ஏறி ஒக்காந்துக்கினு என்னையே பாக்குது."

எங்கள் தறியில் ஜரிகைப் பூவைக் கவிழ்த்துத்தான் நெய்வது. நல்ல முகம் அடியில் இருக்கும். நெய்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முதுகுப்பக்கத்துத் தொங்கல் ஜரிகைதான். பூ எப்படி வருகிறதென்று பார்க்க, கைக்கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அன்று என் அணில் மேல்பக்கத்தில், வாலும் கோடும் கண்ணுமாக, பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையை மாற்றாமல் போயிருக்கிறேன். கறுப்புத் திரையில் காலிக் கட்டமெல்லாம் கறுப்பு, அணில் மட்டும் வெள்ளை. அண்ணன் பாவம், சட்டப்படி கறுப்புக்கெல்லாம் துளை போட்டுவிட்டார். அணிலை விட்டுவிட்டு மற்ற இழையெல்லாம் எழும்பினால் மிதி கனக்காமல் என்ன செய்யும்? விடிந்தால் முதலாளி வருகிறார். புதிதாக அட்டை போட இரண்டு நாளாகும். எல்லாம் போச்சு என்று தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரு முழம் முடிந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

காலையில் முதலாளி வந்தார். வந்தவர் வழக்கம்போலக் கண்ணாடியை எடுத்து, குனிந்து, அடியில் நீட்டினார். அவர் முகம் சுருங்கியது. அடியில் தெரிந்ததெல்லாம் தொங்கல் ஜரிகை.

"இன்னாம்மா இது, குருவிக்கூடு கலஞ்ச மாதிரி? இதுக்கா இவ்ளோ ஆட்டம் போட்ட?"

நான் கதவோரம் ஒதுங்கினேன். வீட்டுக்காரரோ சாவகாசமாகக் காதைக் குடைந்துகொண்டிருந்தார். பாவி மனுஷன், அந்த நிமிஷத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார்! பிறகுதான், "முதலாளி, கொஞ்சம் நிமுந்து பாருங்களேன்" என்றார். நெய்த இடத்தின் மேல் அவரே போட்டு மூடியிருந்த துணியை விலக்கினார்.

முதலாளி நிமிர்ந்தார். அணிலின் முதுகுக் கோட்டை விரலால் தடவினார். "அட, திரும்பிப் பாக்குதுபா!" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மயிலெல்லாம் போதும். அடுத்து இன்னா போடப்போற?" என்றார். நான் மறுபடியும் அழுதேன், இந்த முறை சந்தோஷத்தில்.

மற்றத் தறிகளுக்கென்று அணிலுக்கு வேறு அட்டை போட்டார் அண்ணன். அவரிடம் மன்னிப்பு கேட்டேன். "திட்டுனதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துடு" என்றதோடு விட்டுவிட்டார். அன்றைக்குத் திரை கறுப்பாக இருந்ததை முதலாளிக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தறிக்கும் சரியான அட்டை வந்தது. வீட்டுக்காரர் அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தப்பு அட்டையிலேயே ஒரு பாவுக்கு வரும் மூன்று புடவையையும் நெய்து முடித்தார். தினம் சாயங்காலம் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நல்ல அட்டதான் வந்துடுச்சே! எதுக்குங்க இந்த வீம்பு?"

"வீம்பெல்லாம் இல்லமா. இருவது வருசமா முதுகப் பாத்தே நெய்றேன். நீ போட்டதயாவது மொகத்தப் பாத்து நெய்யலாம்னுதான்."

இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றித் தேய்த்தேன்.