புது பம்பும் ஒரு லொறி ஐஸும்

ஐஸ் உருகுவது காதுக்குக் கேட்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கேட்கும். லொறிப் பெட்டியின் பலகை இடுக்கால் சொட்டு விழும், சுட்டுக் கிடக்கும் தாரில் பட்டதும் சின்னதாகச் சீறும், பிறகு அந்த இடத்தில் ஈரமும் இராது. அந்தச் சத்தத்தைக் கிண்ணியாவிலிருந்து ஈச்சிலம்பற்று வரைக்கும் நின்று நின்று கேட்டவன் நான்.

திருகோணமலை ஐஸ் ஆலையில் கட்டிகளை ஏற்றி, மரத்தூள் போட்டு மூடி, ஈச்சிலம்பற்றுக் கடற்கரை மீன்வாடிக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் என் தொழில். அங்கே கரைவலைச் சம்மாட்டி என் மனைவியின் தமையன். வலையும் தோணியும் அவருடையவை, மீன் பழுதாகினால் வருகிற பேச்சும் அவருக்குத்தான். அந்தக் கிழமை இரண்டு தரம் நான் ஐஸுக்குப் பதிலாக ஈர மரத்தூள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். மூன்றாவது தரம் புறப்படுவதற்கு முன்னால் தொலைபேசியில் சொன்னார்:

"மச்சான், சொந்தம் வேற, ஐஸ் வேற. இண்டைக்கும் தண்ணி கொண்டு வந்தீரெண்டால் நாளையிலயிருந்து மூதூர்க்காரன்ர லொறிதான்."

அவரில் பிழை இல்லை. எனக்குத்தான் வேறு ஓட்டம் இல்லை. இந்த ஓட்டமும் போனால் லொறி பாலையூற்றில் எங்கள் வளவுக்குள் கோழிக்கூடாக நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் லொறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைத் திருத்தும் வரைக்கும். ஓடுகிற சாமானைத் திருத்துவது என் பிறவிக் குணம். வீட்டு மின்விசிறியைத் திருத்தினேன். இப்போது அதற்கு இரண்டு வேகம்: ஒன்று நிற்பது, மற்றது கூரையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்ப்பது. என் மனைவி தையல் மெசினைத் துணியால் மூடி, அதற்கு மேலே சாமிப்படம் வைத்திருக்கிறாள். பக்தி இல்லை, பாதுகாப்பு.

லொறிக்கு இருந்த ஒரே குறை, பாரம் ஏற்றினால் பாலத்து ஏற்றத்தில் இருமும். டாங்கியிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்கு அனுப்புகிற ஃபீட் பம்ப் கிழண்டிவிட்டது என்று கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர் சொன்னார்; எல்லாருக்கும் அவர் நானா. அதே பம்ப் புதிதாகப் போட்டிருக்கலாம். நான்தான் பெரிய லொறிக்குப் போடுகிற பம்ப் வேண்டும் என்று நின்றேன். நானா தேடி எடுத்துப் பூட்டி, குழாய்களையும் கிளிப்புகளையும் புதிதாக மாற்றினார்.

"இது இழுத்தா இழுத்ததுதான் தம்பி. கிணத்தையும் வத்த வைக்கும்" என்றார்.

இப்படிப்பட்ட பம்புக்கு என் பங்குக்கும் ஏதாவது சீதனம் செய்ய வேண்டாமா. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் டாங்கியில் இருந்த டீசலை உறிஞ்சிக்கொண்டு மூடியையும் எடுத்துப் போயிருந்தான். அன்றிலிருந்து டாங்கி வாயில் இடுப்பில் உடுத்துப் பழசான சாரத்தின் துண்டும், அதைச் சுற்றிக் கட்டிய ரியூப் இறப்பரும்தான். புது பம்புக்கு அது மரியாதையில்லை என்று, பூட்டும் திறப்பும் உள்ள பளபளத்த மூடி ஒன்றை நகரத்தில் வாங்கினேன். உள்ளே தடித்த இறப்பர் வளையம்.

"காத்துக்கூடப் போகாது அண்ணை" என்றான் கடைக்காரன். அதற்காகவே வாங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்தது இதுதான். கராஜைச் சுற்றி ஓட்டினால் லொறி தேர் மாதிரி ஓடும். தூர ஓட்டத்துக்குப் போனால் மூச்சடைத்து நிற்கும். கொஞ்ச நேரம் மினக்கெட்டால் ஸ்டார்ட் ஆகும், ஓடும், திரும்ப நிற்கும். நானா வடிகட்டியை மாற்றினார், கிளிப்புகளை இறுக்கினார். மாறாதது நான் மட்டும்தான்.

மூன்றாவது பயணத்துக்கு மனைவியும் வந்தாள். உதவிக்கு நின்றவர் இரண்டாவது பயணத்தோடு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதம். கிண்ணியாப் பாலத்தில் லொறி இருமவேயில்லை. நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் றோட்டைப் பார்த்தாள். பாலம் இறங்கினதும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம், அதோடு எஞ்சின் நின்றது.

"கல்லடிச்சிருக்கு" என்றேன்.

"கல்லில்லாத றோட்டில என்ன கல்லு?"

டீசல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அது நிறைவையே காட்டிக்கொண்டிருக்கும், என்னைப்போல. அதனால் லொறி நின்றால் முதல் வேலை டாங்கியைத் திறந்து கொய்யாக்கம்பு விட்டுப் பார்ப்பது. நான் திறப்பைப் போட்டு மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"வெயில். டாங்கி சூடாகி ஆவி வெளியில வருகுது" என்று விளக்கினேன். கம்பு பாதிக்கு நனைந்து வந்தது. டீசல் இருக்கிறது. மூடிப் பூட்டினேன்.

நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். வடிகட்டிக்கு மேலே இருந்த திருகாணியைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்தார். கொஞ்சம் நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல்.

"காத்துப் புடிச்சிருக்கு தம்பி. காத்த வெளியாக்கிட்டன். இனி ஈச்சிலம்பற்றிலதான் நிக்கும்."

ஒரே அடியில் ஸ்டார்ட். நானா முகத்தில் வைத்தியருடைய களை.

மூதூர்ச் சந்தி தாண்டினதும் திரும்பவும் டங். கம்பு விட்டோம், டாங்கி மூச்சு விட்டது, டீசல் இருந்தது. நானா செய்தபடி ஆணியைத் தளர்த்திப் பம்ப் அடித்தேன். நுரையே இல்லை. காற்றும் இல்லை, டீசலும் இருக்கிறது, பிறகு என்னதான் வேண்டும் இதற்கு என்று நான் நின்றபோது, மனைவி கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்து, றோட்டோரத்து மரத்தடிப் பிள்ளையாருக்குக் கொளுத்திவிட்டு வந்து ஏறினாள். ஸ்டார்ட் ஆகியது. "பாத்தீங்களோ" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

கிளிவெட்டிக்கு அப்பால் மூன்றாவது தரம். கம்பு, மூச்சு, டீசல். இந்த முறை கோபத்தில் முன் ரயருக்கு ஒரு உதை விட்டேன். செருப்பு வார் அறுந்தது, லொறி ஸ்டார்ட் ஆகியது. ஆக எங்களிடம் மூன்று வைத்தியம் சேர்ந்துவிட்டது: நானாவின் காற்று, மனைவியின் பிள்ளையார், என் உதை. மூவருக்கும் தங்கள் தங்கள் வைத்தியத்தில் பூரண நம்பிக்கை.

நான்காவது தரம் வயல்வெளி நடுவில் நின்றது. நிழலுக்கு ஒரு பனையும் இல்லை. கம்பு விடுவது வீண் வேலை என்று பட்டது. டீசல் இருப்பது தெரிந்ததுதானே. நேரே வைத்தியத்தில் இறங்கினேன். காற்று எடுத்தேன். மனைவி கிழக்கே பார்த்துக் கற்பூரம் கொளுத்தினாள், காற்று அதை அணைத்தது, திரும்பக் கொளுத்தினாள். நான் வெறுங்காலால் உதைத்தேன். விரல் வீங்கியதுதான் மிச்சம். பற்றரியும் களைத்து, ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கியது. பின்னால் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. ஐஸ் தப்பிவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். போய்ப் பார்த்தால் சொட்டு முடிந்து ஒழுக்காகி, வாய்க்கால் கட்டியிருந்தது.

சம்மாட்டி தொலைபேசியில் வந்தார். ஏசுவார் என்று காதைத் தள்ளிப் பிடித்தேன். அவர் மெதுவாகத்தான் கதைத்தார்.

"வலை மடி நிறைஞ்சு கிடக்கு மச்சான். கன நாளைக்குப் பிறகு. முழுக்கச் சூடை. வலை கரைக்கு வருகுது. எங்க நிக்கிறீர்?"

"கிட்ட வந்திட்டன்."

ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கதைத்திருப்பேன். கன நாளைக்குப் பிறகு என்றது நெஞ்சில் இறங்கிவிட்டது. சூடை சின்ன மீன், வெயிலில் நெடுநேரம் நிற்காது. வயிறு வெடித்தால் கருவாட்டுக்கும் ஆகாது. வலை இழுத்த அத்தனை பேரின் கையும் என் டாங்கியை நம்பி இருந்தது.

வரம்பில் குந்தினேன். தொண்டை காய்ந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். போத்தல் நெளிந்து உள்ளே போய் 'டக்' என்றது, தண்ணீர் வர மறுத்தது. வாயை எடுத்ததும் சீறிக்கொண்டு நிமிர்ந்தது. போத்தலும் என்னை நக்கல் பண்ணுகிறது என்று அதை வயலுக்குள் எறிந்தேன்.

"வித்துப்போடுவம்" என்றேன். "இரும்பு விலைக்காவது போகும்."

"வித்துப்போட்டு? வீட்டில இருந்து என்னத்தைத் திருத்தப் போறியள்? என்னால ஏலாது." என் அறுந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. "இஞ்சாருங்கோ, ஒருக்கா டீசலைப் பாருங்கோவன்."

"இருக்கு எண்டு சொன்னனான்."

"பாருங்கோவன்."

விவாதிக்கத் தெம்பில்லை. எழும்பிப் போய்த் திறந்தேன். இந்த முறை டாங்கி விட்ட மூச்சு என் பெருமூச்சைவிட நீளம். உள்ளே ஒரு டங். மூடியைத் திறப்போடு சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் வைத்துவிட்டுக் கம்பை இறக்கினேன். திரும்பவும் தொலைபேசி. சம்மாட்டி. எடுக்கத் துணிவில்லை. கம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறி, கடைசி நம்பிக்கையில் ஸ்டார்ட் திறப்பைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. கதைத்தால் நின்றுவிடும் என்று பயம். நிற்கிற நேரம் வந்தது, நிற்கவில்லை. மணல் பாதையில் திரும்பும்போதும் நிற்கவில்லை. வாடியடியில் நானாக நிறுத்தும் வரைக்கும் ஓடியது.

ஆட்கள் ஓடி வந்து மரத்தூளைக் கிண்டினார்கள். சம்மாட்டி எட்டிப் பார்த்தார்.

"பாதி தண்ணி."

"ஓம்."

"பாதி ஐஸ்."

"ஓம்."

பாதி மீன் ஐஸ் பெட்டிக்குப் போனது. மற்றப் பாதியைப் பெண்கள் வெட்டி உப்புப் போட உட்கார்ந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாளைக்கு ஒருக்காப் பாப்பம். முழுசா வந்தா முழு ஓட்டமும் உமக்கு. இல்லாட்டி ஒண்டும் இல்ல" என்றார். தங்கை பக்கத்தில் நின்றதால் வந்த கருணை அது. எனக்கு எதுவாக இருந்தாலும் போதும்.

திரும்பப் புறப்படும்போது மனைவி கேட்டாள், "டாங்கித் திறப்பு எங்க?"

மட்காட்டைப் பார்த்தேன். மூடியும் இல்லை, திறப்பும் இல்லை. வழியில் எங்கோ குதித்து இறங்கிவிட்டன. டாங்கி வாய் ஆவென்று திறந்திருந்தது. சிந்திய டீசலில் றோட்டுப் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. இத்தனை தூரம் நிற்காமல் ஓடிய லொறியையும் அந்தத் திறந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் வயலுக்குள் எறிந்த போத்தல் ஞாபகம் வந்தது. இழுக்கிற அளவுக்கு உள்ளே காற்றுப் போகாவிட்டால் போத்தல் தராது. டாங்கி மட்டும் தருமா. போத்தல் நெளிந்ததுபோல டாங்கித் தகரம் நெளிந்ததுதான் அந்த டங். நாங்கள் நாள் முழுக்கக் காற்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். அது கேட்டது உள்ளே கொஞ்சம். கம்பு விட மூடியைத் திறந்த நேரமெல்லாம் அது கிடைத்தது, ஸ்டார்ட் ஆனது. பெயர் வாங்கியது நானாவும் பிள்ளையாரும் என் காலும்.

நானாவுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன்.

"மூடில காத்து போக ஓட்ட இல்லியா?"

"இல்ல."

"அந்த மூடி நான் போட்டதா, நீங்க வாங்கினதா?"

"நான் வாங்கினது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மனைவி என் சாரத்தின் ஓரத்தைக் கிழித்து டாங்கி வாயில் கட்டினாள். இறப்பர் துண்டு ஒன்றை வாடியில் வாங்கினோம். உடுத்திருந்த சாரத்தில்தான் கிழித்தாள் என்பதால் திரும்பி வந்த பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

அடுத்த நாள் வெயில் ஏறுமுன் வாடிக்குப் போய்விட்டேன். சம்மாட்டி மரத்தூளுக்குள் கையை விட்டு, கட்டியின் விளிம்பைத் தடவி, சரி என்று தலையை ஆட்டினார். பிறகு லொறியைச் சுற்றி வந்தவர் டாங்கியடியில் நின்றார்.

"என்ன மச்சான், டாங்கிக்குக் கோவணம் கட்டியிருக்கு. நல்ல மூடி ஒண்டு வாங்கித் தரட்டே?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.