சாக்குத்திரைக்குப் பின்னால் கருப்பம்மாள்

மாயாண்டி, லேகியக்கார உடையப்பனுக்கு ஒன்பது வெள்ளி கடன்பட்டிருந்தான். விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை ரப்பர்ப் பால்மரம் சீவினால் ஐம்பது காசு, அதாவது அரை வெள்ளி, கிடைத்த காலம் அது, மலாயாவில் 1926. ஒன்பது வெள்ளிக்கு அவன் மாதக்கணக்கில் வயிற்றைக் கட்ட வேண்டும். எதற்காகப் பட்ட கடன் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான்.

இதை எழுத என்னைவிட்டால் வேறு ஆளில்லை. நான் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வகுப்பு படித்தவன். அந்த இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டே இன்று ஈப்போவில் ஒரு பலகைக் கடை நடத்துகிறேன், இரண்டு லாரி ஓட்டுகிறேன். பத்துமலை என்று என் பெயரைச் சொன்னால் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலா கங்சார்வரை கடன் கொடுக்கத் தயங்குகிறவன் கிடையாது. பெருமையடிக்கிறான் என்பீர்கள். அடிப்பேன், என்ன தப்பு? எல்லாம் இந்தக் கையால் சம்பாதித்தது. ஆனால் பதினேழு வயதில் என் உடம்பைக் கண்டு நானே பயப்படாமல் இருந்தேனே, அந்தத் தைரியம் நான் சம்பாதித்ததில்லை. அது கருப்பம்மாள் கொடுத்தது. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கருப்பம்மாள் அங்கே மருத்துவச்சி. நாகப்பட்டணத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயதாம். நான் சொல்லுகிற காலத்தில் முப்பதுகூட ஆகியிருக்காது. அதற்குள் எங்கள் லயத்தில், தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், ஓடித்திரிந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் அவர் கையில் விழுந்தவைதான். கணவர் சின்னையா தோட்டத்து நாவிதர். மனைவி பிறக்கவைப்பார், கணவர் முடியிறக்குவார். அந்தக் குடும்பத்தின் கை படாத தலை தோட்டத்தில் கிடையாது.

பெண்பிள்ளை ஒன்று வயதுக்கு வந்தால் தாய்மாமன் லயத்தின் பின்னால் ஓலைக்குடிசை கட்டுவார். இங்கே தென்னங்கீற்றுக்கு எங்கே போக? ஆற்றோரத்து அத்தாப்பு ஓலைதான். பதினாறு நாள் அந்தப் பிள்ளை உள்ளே இருக்கும். எல்லாரும் புட்டும் உளுந்தங்களியும் கொடுப்பார்கள். கருப்பம்மாள் பேச்சு கொடுப்பார். ரத்தம் ஏன் வருகிறது, துணியை எப்படிச் சுத்தமாகத் துவைத்து வெயிலில் காயப்போடுவது, பிள்ளை எங்கே தங்குகிறது, வேலையை மேற்பார்க்கிற எந்த மண்டோர் கையைப் பிடித்தால் எப்படிக் கூப்பாடு போடுவது, எல்லாம். வெளியே வந்த பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள். ஒரு மண்டோர், புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் கை நீட்டப்போய், பால்வாளியால் மண்டையில் வாங்கினான். அது கருப்பம்மாள் பாடம்.

பையன்களுக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. மீசை முளைத்தால் கேலி, குரல் உடைந்தால் கேலி, அவ்வளவுதான்.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் பையன்களை உட்காரவைத்து இதையெல்லாம் பேசினால் லயம் என்ன சொல்லும்? அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் சவரம். ஒரு பையன் முதன்முதலாக மீசை ஒதுக்க வரும்போது சின்னையா அவன் முகமெல்லாம் சவுக்கார நுரையைப் பூசி, கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

"கத்தி கழுத்துல இருக்கையில எவனும் சிரிக்கவும் மாட்டான், எந்திரிச்சு ஓடவும் மாட்டான்" என்பாராம் கருப்பம்மாள். இதைவிடப் பெரிய தந்திரத்தை நான் வியாபாரத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு கஷ்டம். சின்னையா வெட்கப்படுகிற மனுஷர். அதனால் அவர் சவரம் செய்யும் இடத்துக்குப் பின்னால், வீட்டு வாசலில் ஒரு சாக்குத்திரை தொங்கும். திரைக்குப் பின்னால் கருப்பம்மாள் அரிசி புடைத்துக்கொண்டு காது கொடுத்திருப்பார்.

எனக்கு முதல் சவரமும் சின்னையாவின் பாடமும் இந்தக் கதைக்கு முந்தின மாதமே ஆகிவிட்டன. மாயாண்டிக்கும் என் வயதுதான். ஆனால் அவனுக்கு முகத்தில் பூனைமயிர். கேலிக்குப் பயந்து அவன் நாவிதர் பக்கமே போகவில்லை. உடையப்பன் பக்கம் போய்விட்டான்.

உடையப்பன் சம்பள நாள் தவறாமல் ஈப்போவிலிருந்து சைக்கிளில் வருவார். கள்ளுக்கடைக்கு எதிரே குடையை விரித்து, பித்தளைத் தூக்கை வைத்து உட்காருவார். பெரியவர்களுக்கு மூட்டுவலித் தைலம். மீசை அரும்பின பையன்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஓதுவார். "தம்பி, ராத்திரி சொப்பனத்துல துணி நனையுதா? போச்சு. அது உசுருச்சத்து. ஒரு சொட்டு போனா நாப்பது சொட்டு ரத்தம் போன கணக்கு. இந்த லேகியத்தச் சாப்புடு. உப்பு கூடாது, மீன் கூடாது. காசு இல்லியா? அடுத்த சம்பளத்துல குடு. வெளியில மட்டும் சொல்லிறாத, மானம் போயிரும்."

மாயாண்டி அப்படியே நம்பினான். நாலு வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தான், மேலே ஒன்பது வெள்ளி கடன் சொன்னான். உப்பில்லாமல் கஞ்சி குடித்தான். தூங்கினால்தானே சொப்பனம் வரும் என்று தூங்காமல் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் மரம் சீவும் வெட்டுக்காட்டிலேயே சுருண்டு விழுந்தான். விழுந்ததும் அவனுக்கு நோய் உறுதியாகிவிட்டது.

கடைசியில் உடையப்பன் கெடு வைத்தார். வருகிற சம்பளத்தில் ஒன்பது வெள்ளி வரவில்லையென்றால், மாயாண்டிக்கு என்ன சீக்கு என்று லயம் முழுக்கச் சொல்லுவாராம்.

சம்பளத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மாயாண்டி துணியை மூட்டை கட்டுவதை நான் பார்த்துவிட்டேன்.

"எங்கடா?"

"கம்பாருக்கு. ஈயலம்பத்துல, ஈயம் தோண்டுற எடத்துல, வேல இருக்காம்."

"ஒங்கம்மாவ என்ன பண்ணுவ?" அவன் அம்மா காளியம்மா, அப்பன் இல்லாமல் அவனை வளர்த்தவள், அவனைத் தவிர அவளுக்கு யாருமில்லை.

அவன் அழுதுவிட்டான். விஷயம் முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது.

"அட கிறுக்கா, எனக்கும்தான்டா வருது! எல்லாருக்கும் வரும்" என்றேன்.

"நீ பெரிய வைத்தியனா? ஒனக்கும் சீக்குதான், தெரியாம இருக்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வயதிலேயே எனக்கு மூளை வேகமாக ஓடும். "சரி, போறதுதான் போற. கம்பாருல புது எடம். பூனமயிரோடயா போயி நிக்கப்போற? சவரம் பண்ணிட்டுப் போ, நான் காசு குடுக்கிறேன்" என்றேன். அதற்கு இணங்கினான். அந்த யோசனை என்னுடையது. யார் வேண்டுமானாலும் என்னோடு வாதாடலாம்.

தன் வீட்டு வாசலுக்கு முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் சின்னையா அவனை உட்காரவைத்தார். நுரை பூசினார். கத்தியைக் கழுத்தில் வைத்தார். இருமினார்.

"தம்பி… ஒடம்புங்கறது… இந்தப் பால்மரம் மாதிரி…"

திரைக்குப் பின்னாலிருந்து, "மரத்த விட்டுட்டு மனுசனுக்கு வாங்க" என்று குரல் வந்தது.

சின்னையா மறுபடி இருமினார். "அதாவது… வயசு வந்தா… எல்லாம் வரும்…"

"என்ன எல்லாம்? தபாலா?"

நான் சிரித்துவிட்டேன். எனக்குக் கழுத்தில் கத்தி இல்லையே. மாயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. நுரைக்குள் கண்ணீர் இறங்குவதைச் சின்னையா பார்த்துவிட்டார். கத்தியை எடுத்துவிட்டு, "கருப்பு, நீயே வா. இவன் ரொம்பப் பயந்து கெடக்கான்" என்றார்.

திரை விலகியது. கருப்பம்மாள் முறத்தோடு வந்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆண்பிள்ளைகளிடம் முகத்துக்கு முகம் அவர் இதைப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"சொல்லு சாமி, என்ன?"

மாயாண்டி தரையைப் பார்த்தபடி எல்லாம் சொன்னான். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்த்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பான்.

"பொண்ணு வயசுக்கு வந்தா ஊரே கூடித் தண்ணி ஊத்துறோம். பையனும்தான் வயசுக்கு வாரான். அவனுக்கு ஆருமே சொல்றதில்ல, அதான் பயப்புடுறான். தூக்கத்துல துணி நனையிறது அதுக்கு அடையாளம், அவ்வளவுதான். உள்ள ஊறுது, நெறஞ்சா வழியுது. ரத்தமும் போகல, உசுரும் போகல. துணிய அலசிப் போட்டுட்டு வேலைக்குப் போ."

"அப்ப நான் விழுந்தேனே அக்கா?"

"உப்பில்லாத கஞ்சியக் குடிச்சு, ராவெல்லாம் முழிச்சிருந்தா, தொரை வீட்டுக் குதிரகூட விழும். லேகியத்துல பேதிமருந்து வேற கலந்திருப்பான். இன்னைக்கு எங்க வீட்டுல கருவாட்டுக் கொழம்பு. சாப்புட்டுப் படு."

பிறகு இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். "இன்னொண்ணும் கேட்டுக்கங்க. ஒங்க ஒடம்பு ஒங்களக் கேக்காம மாறுது. பொண்ணுங்களுக்கும் அப்படித்தான். அந்தக் குடிசைப் பக்கம் நின்னு இனி எவனாவது சீட்டியடிச்சீங்க, சவரம் நான்தான் பண்ணுவேன். பிரியம் இருந்தா நேரா நின்னு பேசு. அவ வேணாம்னா வேணாம், வழிய விட்டுரு."

மாயாண்டி மெதுவாகக் கேட்டான். "நாளைக்கு அவரு வந்து சொல்லிட்டா?"

"அவன் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிரு. நான் சொன்னா நீ என் முந்தானையில ஒளிஞ்ச மாதிரி ஆயிரும்."

அன்று மத்தியானம் அவன் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான். மூட்டையை அவிழ்த்தானா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் சம்பளம். கள்ளுக்கடை எதிரே நல்ல கூட்டம். உடையப்பன் குடைக்கு அடியிலிருந்தே குரல் கொடுத்தார். "என்னா மாயாண்டி, கணக்கத் தீத்துரலாமா? இல்ல, நான் வாயத் தொறக்கவா?"

மாயாண்டி குடைக்கு முன்னால் போய் நின்றான். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "நீங்க எதுக்கு? நானே சொல்றேன். எனக்கு ராத்திரியில துணி நனையுது. அது சீக்குன்னு சொல்லி இவரு என்கிட்ட லேகியம் வித்தாரு. அது சீக்கில்ல!"

கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. கெட்டது போ என்று நினைத்தேன். அப்போது இரண்டாவதாக ஒரு குரல், "எனக்கும்தான்!" என்றது. அந்தக் குரல் என்னுடையது. மூன்றாவது லயத்து ராஜு, "ஐயையோ, எனக்கு மட்டும்னுல்ல சொன்னாரு!" என்றான். பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர். ஒவ்வொருத்தனும் தான் ஒருத்தன்தான் நோயாளி என்று நினைத்து ஒளித்து ஒளித்துத் தின்றிருக்கிறான். கடைசியில் பழனியப்பக் கங்காணி, முறுக்குமீசைக்காரர், தன்னை மறந்து, "நான் கல்யாணத்துக்கு முந்தியிலருந்து வாங்குறேன்யா!" என்று கத்திவிட்டார். அப்போது எழுந்த சிரிப்பு ஆபீஸ் தாண்டித் துரை பங்களாவரை கேட்டிருக்கும். மாயாண்டியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் சாக்குத்திரை தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கருப்பம்மாள் மரத்தடியிலேயே முறத்தோடு உட்காருவார். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள்கூடச் சவரத்துக்கு வந்தார்கள், தாடி இல்லாதவர்களும். என் மகன்களுக்கு மீசை அரும்பியபோது நானே சொன்னேன், இருமாமல் சொன்னேன். என் மகளுக்கும் ஒளிக்காமல் சொல்லவைத்தேன். படித்த வீடுகளில் எத்தனை பேர் இதைச் செய்தார்கள்? கருப்பம்மாள் நரைத்துப் பழுத்து, தன் கையில் பிறந்தவர்கள் சுற்றி நிற்கத்தான் கண்ணை மூடினார். மாயாண்டிதான் முன்னால் நின்று பாடையைத் தூக்கினான்.

அந்தச் சம்பள நாளில், சிரிப்பு அடங்குவதற்குள் உடையப்பன் குடையை மடக்கிச் சைக்கிளை எடுக்கப் பார்த்தார். கருப்பம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார். சத்தம் போடவில்லை.

"ஒங்களுக்கு ஒரு மகன் இருக்கானாமே அண்ணே, ஈப்போவுல படிக்கிறானாமே. என்ன வயசு?"

"பதினாறு" என்றார் உடையப்பன்.

"அவனுக்கு இந்த லேகியம் குடுக்குறீங்களா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன்… அவன் படிக்கிற பையன்."

"துணி நனைஞ்சு, நாப்பது சொட்டு ரத்தம் போச்சேன்னு அவனும் ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தா என்ன சொல்லுவீங்க?"

உடையப்பன் பித்தளைத் தூக்கின் மூடியை அழுத்தி மூடினார். "சீக்கில்லன்னுதான் சொல்லுவேன்" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி. கருப்பம்மாளுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

"அதையே இவனுக்கும் சொல்லுங்க."

அவர் மாயாண்டியைப் பார்த்தார். "ஒனக்கு ஒரு சீக்கும் இல்ல தம்பி. அந்த ஒன்பது வெள்ளியும் வேணாம்" என்றார்.

கருப்பம்மாள் கைப்பிடியை விடவில்லை. "ரொக்கமா வாங்குனது?"

உடையப்பன் இடுப்புப் பையை அவிழ்த்தார். மாயாண்டி கையை நீட்டி விரித்தான். பால்கறை படிந்த கை. வெள்ளி ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தார்.