சத்தமில்லாத சுற்று

அலுவலகத்தில் அவருக்கு அரக்கர் அண்ணன் என்று பெயர். ஆளைப் பார்த்தால் ஒன்றும் அப்படித் தெரியாது. ஒல்லியான உடம்பு, நாற்பத்திரண்டு வயது, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை. கதைக்குள் புகுந்து ஊர் ஊராகப் போய்ச் சண்டை போடும் ஆட்டங்களில், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி வழிமறித்து நிற்குமே, ஆடுகிறவர்கள் பாஸ் என்பார்களே, அதை உருவாக்குகிறவர் இவர்தான். அதற்கு எவ்வளவு உயிர், எப்போது அடிக்கும், எப்போது அசரும் என்று எல்லாம் இவர் கணக்கு. பத்து வருடத்தில் பதினேழு அரக்கர்களைப் பெற்றுப் போட்டிருக்கிறார். வீட்டில் ஒரே ஒரு பையன், ஒன்பது வயது.

பதினெட்டாவது அரக்கன்தான் இப்போது தலைவலியாக உட்கார்ந்திருந்தான்.

எட்டு மாத உழைப்பு. மற்ற பதினேழையும் அடித்துத் திருத்தி, அடித்துத் திருத்தி எழுதியவர், இதை ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதினார். எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. தன் வேலையிலேயே இதுதான் உச்சம் என்று மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஆனால் யாராலும் அதை ஜெயிக்க முடியவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அலுவலகத்து ஆட்கள் ஆயிரம் தடவை ஆடிக் கை தேய்ந்தவர்கள், அவர்கள் ஜெயித்தால் கணக்கில் சேராது. வெளியிலிருந்து ‘புதுக் கை’ கொண்டுவருவார்கள். நான்கு புதுக் கைகளில் ஒருவராவது ஆறு முயற்சிக்குள் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காவிட்டால் அந்தப் பாஸைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். மூன்று பேர் தோற்றாயிற்று. நான்காவது ஆள் வரவேயில்லை. அன்று மாலை ஆறு மணிதான் கெடு.

“நாலஞ்சு வருஷமா உங்களோட வேலை பாக்கறேன், அதனால சொல்றேன்ணா,” என்றாள் குழுத் தலைவி. அவரைவிடப் பத்து வயது சின்னவள். “அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு குறி காட்டணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். இது காட்டவே மாட்டேங்குது.”

“காட்டுது. பாக்கத் தெரியல.”

“யாருக்குமே புரியலேன்னா அது என்னண்ணா குறி?”

அவர் மேசை மேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வந்து சேர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை அவளுக்கு. அவருக்கு மாற்றியிருந்த கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவளைத் தலைவி விடவில்லை.

“அண்ணி, நீங்க கேம் ஆடியிருக்கீங்களா?”

“எனக்கெதுக்கும்மா அதெல்லாம்.”

“அப்ப உக்காருங்க. உங்களைத்தான் தேடிட்டு இருந்தோம்.”

வேகமாக விரலை ஆட்டுகிற விளையாட்டு அல்ல இது. நம் பக்கம் மூன்று பேர்: ஒரு வாள்காரன், ஒரு வில்காரி, காயம் ஆற்றுகிற ஒரு பொடியன். ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பதா, ஆற்றுவதா, கேடயம் பிடிப்பதா என்று நாம் சொல்ல வேண்டும். பிறகு அரக்கனின் முறை. இருப்பது ஒரே கேடயம், ஒருவருக்குத்தான் பிடிக்கலாம், பிடித்தால் அந்தச் சுற்றுக்கு மட்டும்தான் தாங்கும்.

முதல் இரண்டு தடவையும் அவள் மண்ணைக் கவ்வினாள். மூன்றாவது தடவை தொடங்கும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அரக்கன் கர்ஜித்தான். திரை அதிர்ந்தது, தீ பறந்தது. தோற்ற மூன்று பேரும் இங்கேதான் பதறிக் கேடயம் பிடித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை, வில்காரியை விட்டு அடித்தாள். அடுத்த சுற்றில் அரக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நின்றான். களைத்துவிட்டான் என்று மற்றவர்கள் பாய்ந்து தாக்கிய இடம் அது. அவள் தாக்கவில்லை. கேடயத்தைப் பொடியனுக்குப் பிடித்தாள். இடி மாதிரி ஒரு அடி விழுந்தது. வாள்காரன் சுருண்டான், வில்காரி சுருண்டாள். பொடியன் தப்பித்து இருவரையும் எழுப்பிவிட்டான். இப்படியே நான்கு முறை. அரக்கன் செத்தான்.

அறையில் கைதட்டல். அரக்கர் அண்ணனும் தட்டினார். எட்டு மாத உழைப்பு பிழைத்துவிட்டது, தட்டாமல் இருப்பாரா.

“எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க?”

“இதுல என்ன இருக்கு,” என்று சிரித்தாள் அவள். “கத்தும்போது ஒண்ணும் பண்ணாது. கத்திட்டுப் பேசாம இருக்கும் பாரு, அப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். நாங்கெல்லாம் பழகினவங்க.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“ஒரு தடவைகூட நீங்க பெரியவங்களுக்குக் கேடயம் பிடிக்கலையே?”

“பெரியவங்க தாங்கிக்குவாங்க.”

தலைவி படிவத்தில் ‘குறி புரிகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரக்கர் அண்ணனுக்கு இந்தப் பாஸ் எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரிந்துவிட்டது. கை நீட்டாத மனுஷன் என்று தன்னைப் பற்றித் தானே மெச்சிக்கொண்டிருந்தவர் அவர். ஈரத் துண்டுக்கும் எரிகிற விளக்குக்கும் கத்துவார், அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் வாயை மூடிக்கொள்வார். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். போன மாதம் அப்படி இரண்டு நாள் இருந்துவிட்டு, சாப்பாட்டுக்கு நடுவே, குரலே உயர்த்தாமல் பையனிடம், “நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்,” என்றார். கணக்கில் மார்க் குறைந்ததற்காக. பையன் அழவில்லை. தட்டில் கை அப்படியே நின்றது. அவரோ அடுத்த நாளே அதை மறந்துபோனார். அதே வாரம்தான் அந்த அமைதிச் சுற்றை எழுதி முடித்தார்.

லிஃப்ட் வரைக்கும் அவளோடு நடந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இங்கேயே, லிஃப்ட் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. வெட்கம்தான் தடுத்தது. கோபம் ஒரு துளிகூட இல்லை. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

“நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாங்க?” என்றாள்.

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அவள் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஓரடி தள்ளி நின்று, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கண்ணா, வீட்டைப் பூட்டிட்டு அத்தை வீட்டுக்குப் போயிடு. இன்னைக்கு அங்கேயே படுத்துக்க.”

மறுமுனையில் பையன் கேட்டது அவர் காதிலும் விழுந்தது. “அப்பா பேசாம இருக்காராம்மா?”

“ஆமாடா,” என்றாள் அவள். “ஸ்கூல் பையையும் எடுத்துக்க.”